பேனல் வீடு: சாவி கைக்கு வரும்வரை எவ்வளவு ஆகும்?

வாசகியின் கடிதம்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் 41 வயது வாசகி எழுதியிருக்கிறார். பெற்றோருக்குச் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த இரவில் அவர்களுடைய ஓட்டு வீட்டின் பாதிக் கூரை போய்விட்டது. தகர ஷீட்டும் தார்ப்பாயுமாகச் சமாளித்து வந்தவர்கள், போன மழையில் பின்சுவர் சரிந்த பிறகு டவுனில் 5,000 ரூபாய் வாடகைக்குக் குடிபோய்விட்டார்கள். அப்பா பெயரில் இருக்கும் 40-க்கு 60 மனையில் பழைய வீட்டை எடுத்துவிட்டு, 30-க்கு 30 அளவில் 900 சதுர அடி வீடு ஒன்றைக் கட்டித்தர வேண்டும் என்பது இவருடைய எண்ணம்.

ஆலையில் செய்த சுவர்ப் பலகைகளைக் கொண்டுவந்து மாட்டும் பேனல் வீடு போட்டுத்தரும் ஒரு நிறுவனம் சதுர அடிக்கு 1,250 ரூபாய், 45 நாள், 60 சதவீதம் முன்பணம் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. ஊர் மேஸ்திரி பொருளோடு சேர்த்து 2,350 ரூபாய், ஒன்பது மாதம் என்கிறார். "சதுர அடிக்கு 1,100 ரூபாய் மிச்சம். மொத்தம் 9,90,000 ரூபாய். அரசாங்கமே சென்னையில் இந்த முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டியிருக்கிறதாம். அஸ்திவாரம் பெரிதாக வேண்டாம், கழற்றி மாட்டும் வீடு என்பதால் அனுமதியும் வேண்டாம் என்கிறார்கள். பின்னால் தம்பிக்காக மேலே ஒரு மாடி எடுக்க முடியுமா? பேங்க் லோன் கிடைக்குமா? ஏமாற்றினால் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) புகார் கொடுக்கலாம்தானே? ஆவணியில் பூமி பூஜை போட்டுக் கார்த்திகையில் பால் காய்ச்ச நினைக்கிறேன். தாத்தா காலத்துத் தேக்கு நிலை ஒன்று இருக்கிறது, அதையே வாசலுக்கு வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை" என்று எழுதி, கொட்டேஷனையும் மேஸ்திரியின் தாளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

கட்டுமானப் பொறியாளரின் பதில்

அன்புள்ள சகோதரி,

பேனல் வீடு உங்களுக்குப் பொருந்தக்கூடியதுதான். ஆனால் கையில் இருக்கும் இந்தக் கொட்டேஷனை வைத்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் மிச்சம் என்று நினைக்கும் 9,90,000 ரூபாய் உண்மையில் இல்லை. முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

கொட்டேஷனின் இரண்டாம் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே சின்ன எழுத்தில் நான்கு வரி இருக்கிறது. அஸ்திவாரம் வாடிக்கையாளர் பொறுப்பு. தரை, கதவு, ஜன்னல், மின்சாரம், குழாய் வேலை, பெயின்ட் தனி. லாரி வாடகையும் கிரேனும் தனி. ஜி.எஸ்.டி. தனி. அதாவது அந்த 1,250 ரூபாய்க்கு உங்களுக்கு வருவது இரும்புச் சட்டமும், அதில் நிற்கும் பேனல் சுவரும், மேலே ஷீட் கூரையும் மட்டும். மேஸ்திரி சொல்லும் 2,350 ரூபாயில் அஸ்திவாரம் முதல் பெயின்ட் வரை எல்லாம் அடக்கம். அரைத்த மாவின் விலையையும் தட்டில் வந்த தோசையின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள்.

விட்டுப்போனவற்றைச் சேர்த்து நான் ஒரு கணக்குப் போட்டேன். ஜி.எஸ்.டி. தவிர மற்றவை என்னுடைய உத்தேச மதிப்பு. உங்கள் ஊர் ஆட்களிடம் விலை கேட்டு ஒவ்வொன்றையும் திருத்திக்கொள்ளுங்கள்.

- நிறுவனத்தின் தொகை, 900 சதுர அடிக்கு: 11,25,000
- அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.: 2,02,500
- அஸ்திவாரம், பிளின்த் பீம் (தரைமட்டத்தில் ஓடும் கான்கிரீட் விட்டம்), மணல் நிரப்புதல்: 2,75,000
- தரை டைல்ஸ், பாத்ரூம் டைல்ஸ்: 1,35,000
- கதவு, ஜன்னல், கிரில்: 1,90,000
- வயரிங், சுவிட்ச், ஃபிட்டிங்: 1,20,000
- குழாய், சானிட்டரி: 1,10,000
- லாரி, கிரேன், இறக்குகூலி: 70,000
- பட்டி, பெயின்ட்: 80,000

மொத்தம் 23,07,500 ரூபாய். சதுர அடிக்கு ஏறக்குறைய 2,564. மேஸ்திரியின் தொகை 21,15,000. ஆக, பேனல் வீடுதான் 1,92,500 ரூபாய் கூடுதல். அதிலும் மேஸ்திரி தருவது கான்கிரீட் தளம், நிறுவனம் தருவது ஷீட் கூரை. செப்டிக் டேங்க், போர், காம்பவுண்ட் சுவர், ஈ.பி. இணைப்பு இவை இரண்டு பக்கமுமே சேரவில்லை. அதற்கென்று தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது? ஒரு வீட்டின் செலவில் சுவர் என்பது நாம் நினைப்பதைவிடச் சின்னப் பங்கு. கண்ணுக்குத் தெரிவது சுவர் என்பதால் சுவர் எழுந்துவிட்டால் வீடு முடிந்துவிட்டது என்று தோன்றுகிறது. சுவரில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் டைல்ஸ் விலையும் வயர் விலையும் குறையப்போவதில்லை. வரி விஷயத்திலும் வித்தியாசம் உண்டு. பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம் கட்ட வேண்டும். தனி வீடு ஒன்றைக் கட்டுவதற்குப் பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் ஆள் விட்டால், அந்தக் கூலிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சிமென்ட்டுக்கான வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. மேஸ்திரியிடம் பேசும்போது இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள்.

அதற்காக மேஸ்திரியின் தாள் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. அதில் இருப்பது ஒரே வரி. என்ன கம்பி, எத்தனை மில்லிமீட்டர், டைல்ஸ் எந்த விலை வரை, கதவு என்ன மரம், எதுவும் இல்லை. பாதி வேலையில் "செங்கல் விலை ஏறிடுச்சும்மா" என்று வந்து நிற்பார்கள். அவரிடமும் விவரம் எழுதி வாங்குங்கள்.

சரி, காசு மிச்சமில்லை என்றால் பேனல் எதற்கு? உங்கள் நிலைமையில் இரண்டு நல்ல காரணங்கள் இருக்கின்றன. நீங்கள் திருச்சியில் ஷிஃப்ட் பார்க்கிறீர்கள். அப்பாவால் ஒன்பது மாதம் வெயிலில் நின்று மூட்டை எண்ண முடியாது. ஆலையில் செய்து கொண்டுவந்து மாட்டும் வேலையில் ஊரில் நடக்கும் வேலை குறைவு, கண்காணிக்க வேண்டிய நாளும் குறைவு. அப்புறம், காலம். வாடகைக் கணக்கில் நான்கு மாதம் முன்னால் முடிந்தால் மிச்சம் 20,000 ரூபாய்தான், அது பெரிதில்லை. வயதானவர்கள் இன்னொரு மழைக்காலத்தை வாடகை வீட்டில் கழிக்காமல் இருப்பதுதான் பெரிது. இந்த இரண்டுக்காகக் கூடுதலாக இரண்டு லட்சம் தரலாமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அதுதான் சரியான கேள்வி.

எந்த பேனல் என்று தெரியாமல் எதையும் ஒப்பிட முடியாது

சென்னையில் அரசு கட்டியது என்று நீங்கள் குறிப்பிடுவது பெரும்பாக்கம் 'லைட் ஹவுஸ்' திட்டமாக இருக்க வேண்டும். அங்கே 1,152 வீடுகள். 2022 மே 26 அன்று பிரதமர் திறந்துவைத்தார். அது ப்ரீகாஸ்ட் கான்கிரீட் முறை. தூண், பீம், தளம் எல்லாமே முன்கூட்டியே வார்த்த கனமான கான்கிரீட் பாகங்கள். ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் 2013-ல் கட்டிக்காட்டிய வீடு வேறு வகை. அது கண்ணாடி இழை சேர்த்த ஜிப்சம் பேனல். 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 124 மில்லிமீட்டர் கனம். உள்ளே இருக்கும் பொந்துகளில் கம்பி வைத்துக் கான்கிரீட் ஊற்றினால் அந்தச் சுவரே பாரம் தாங்கும்.

உங்கள் கொட்டேஷனில் இருப்பது இந்த இரண்டுமே இல்லை. "75 மி.மீ. சாண்ட்விச் பேனல்" என்று போட்டிருக்கிறார்கள். இரு பக்கமும் ஃபைபர் சிமென்ட் போர்டு, நடுவில் தெர்மாகோல் மணிகள் கலந்த சிமென்ட் கலவை. ஒன்றின் ஓரம் இன்னொன்றின் பள்ளத்தில் பொருந்தும். நல்ல பொருள்தான். பூச்சு வேலை வேண்டாம், வெயிலும் உள்ளே அவ்வளவாக இறங்காது. ஆனால் இது அடைப்புச் சுவர், பாரம் தாங்கும் சுவர் கிடையாது. வீட்டைத் தாங்குவது இரும்புத் தூணும் பீமும். அதனால் நிறுவனத்திடம் பேனலைப் பற்றிக் கேட்பதைவிடச் சட்டத்தைப் பற்றி அதிகம் கேளுங்கள். தூண் என்ன அளவு, எவ்வளவு கனத் தகடு, எத்தனை அடிக்கு ஒன்று, துருவுக்கு என்ன பாதுகாப்பு? வேதாரண்யம் உப்பளக் காற்று உங்கள் ஊர்ப் பக்கமும் வீசும். வெறும் ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்த இரும்பை அந்தக் காற்றில் நம்ப முடியாது. துத்தநாக முலாம் பூசிய இரும்பா, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் முலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. மத்திய அரசின் பி.எம்.டி.பி.சி. என்ற அமைப்பு புதிய கட்டுமான முறைகளைச் சோதித்துச் செயல்திறன் சான்று தருகிறது. இவர்களுடைய பேனலுக்கு அந்தச் சான்று இருந்தால் நகல் கேளுங்கள். வேறொரு கம்பெனியின் சான்றைக் காட்டி "இதே மாதிரிதான்" என்றால் ஏற்காதீர்கள்.

கூரையும் மேல்மாடியும்

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் இதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது. அன்றைக்குக் கூரை இழந்த குடும்பத்துக்கு மறுபடியும் ஷீட் கூரையா? புயல் காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட, மேலே உறிஞ்சி இழுப்பதுதான் அதிகம். ஓரத்திலும் மூலையிலும் அந்த இழுப்பு இன்னும் கூடும். கஜாவுக்கு மறுநாள் வந்த புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஷீட்டுகள் வயலில் கிடந்தன, சுவர்கள் அப்படியே நின்றன. ஷீட் கூரை போடவே கூடாது என்பதில்லை. கட்டடத்தின் மேல் விழும் காற்றுப் பாரத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி உங்கள் ஊர்க் காற்று வேகத்துக்குக் கணக்குப் போட்டு, எத்தனை அங்குலத்துக்கு ஒரு திருகு, ஓரத்தில் எத்தனை என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். கொட்டேஷனில் அப்படி ஒரு வரியும் இல்லை.

மேல்மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் ஷீட் கூரை அடியோடு அடிபட்டுப்போகும். பின்னால் கழற்றிவிட்டுத் தளம் போட்டுக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் சொல்வார். தூணும் அஸ்திவாரமும் அந்தப் பாரத்துக்கு இன்றைக்கே செய்யப்படாவிட்டால் பின்னால் எதையும் ஏற்ற முடியாது. எனவே தம்பியிடம் இப்போதே மனம் விட்டுப் பேசுங்கள். மாடி உறுதியாக வேண்டும் என்றால், நான் சொல்வது கலப்பு முறை: தூண், பீம், தளம் எல்லாம் வழக்கமான கம்பி கான்கிரீட், உள் அறைச் சுவர்களுக்கு மட்டும் பேனல், வெளிச்சுவர் செங்கல் அல்லது ஃப்ளை ஆஷ் கல். மாடி வேண்டாம் என்றால் இரும்புச் சட்டத்தின் மேல் டெக் ஷீட் (மடிப்பு வைத்த இரும்புத் தகடு) விரித்து அதன்மேல் கான்கிரீட் போடும் தளத்துக்கு அதே நிறுவனத்திடம் புது விலை கேளுங்கள். அப்போது மேலே சொன்ன வித்தியாசம் இரண்டு லட்சத்தோடு நிற்காது. ஆனால் புயல் இரவில் அம்மா அப்பா தூங்குவார்கள்.

லேசான வீட்டுக்குத்தான் அஸ்திவாரம் முக்கியம்

"லேசான வீடு, அஸ்திவாரம் வேண்டாம்" என்பது கேட்கச் சரியாக இருக்கும். உங்கள் டெல்டா களிமண்ணில் அது தலைகீழ். அந்த மண் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். பங்குனி, சித்திரையில் வயலில் கால் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மண் ஊதும்போது மேலே இருக்கும் கட்டடத்தைத் தூக்கப் பார்க்கும். கனமான கட்டடம் ஓரளவு அழுத்திப் பிடிக்கும். லேசான வீட்டை ஒரு மூலையில் கூடுதலாக, இன்னொரு மூலையில் குறைவாகத் தூக்கிவிடும். பேனல் இணைப்புகள் அந்த அசைவில்தான் பிளக்கின்றன, கதவு மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு ஓடும். புயல் காற்றில் வீட்டைக் கீழே பிடித்து வைக்கவும் அஸ்திவாரம்தான் வேண்டும். தூணின் அடித்தகடு நங்கூர போல்ட்டுகளால் கான்கிரீட்டோடு கட்டப்பட்டிருக்க வேண்டும்.

அதனால் பூமி பூஜைக்கு முன் மண் பரிசோதனை. மண்ணின் ஊதும் தன்மை அதிகம் என்று வந்தால், அடியில் குமிழ் போல அகன்ற அண்டர் ரீம்டு பைல் எனும் நிலத்தடித் தூண்களைப் போட்டு அவற்றை பிளின்த் பீமால் கட்டுவது நெடுநாளாகப் பழக்கத்தில் உள்ள வழி. அப்போது நான் போட்ட 2,75,000 போதாது. தெருவில் மழைநீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அப்பாவைக் கேட்டு, அதற்கு மேல் தரைமட்டத்தை வையுங்கள். கரையான் மருந்தும் அஸ்திவாரத்திலேயே அடித்துவிட வேண்டும். சிமென்ட் போர்டைக் கரையான் தின்னாது, நிலையையும் கதவையும் விட்டுவைக்காது.

அஸ்திவாரத்தின் அளவிலும் கறாராக இருக்க வேண்டும். செங்கல் சுவர் என்றால் அரை அங்குலம் பிசகினால் கொத்தனார் பூச்சில் சரிக்கட்டிவிடுவார். பேனல் அப்படி மன்னிக்காது. நான் பார்த்த ஓர் இடத்தில், லாரி வந்து நின்ற பிறகுதான் ஒரு மூலை ஒன்றேகால் அங்குலம் வெளியே போயிருப்பது தெரிந்தது. நான்கு ஆட்கள் பேனலைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், போல்ட் துளையில் இறங்கவில்லை. அஸ்திவாரம் போட்டவர் நிறுவனத்தைக் காட்டினார், நிறுவனத்தின் ஆள் அவரைக் காட்டினார், பணம் கொடுத்தவர் நடுவில் நின்றார். உங்கள் 30-க்கு 30 வீட்டுக்குச் சோதனை எளிது. மூலைவிட்டத்தை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் 42 அடி 5 அங்குலம் வர வேண்டும். மட்டக்குழாய் வைத்து நான்கு மூலை மட்டமும் பாருங்கள். நிறுவனத்தின் பொறியாளர் நேரில் வந்து அளந்து, சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகே லாரி கிளம்ப வேண்டும்.

ஆலைக்குப் போகும் முன் முடிவாக வேண்டியவை

அம்மாவின் நிலைக்கு வருகிறேன். தாராளமாக வைக்கலாம், எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் பழைய தேக்கு நிலைகள் நாலு, அஞ்சு அங்குலக் கனம் இருக்கும். உங்கள் பேனல் மூன்று அங்குலம். அந்த எடையை மூன்று அங்குலச் சுவரில் தொங்கவிட முடியாது. வாசலின் இரு பக்கமும் இரும்புத் தூண் வந்து, நிலை அதில் பிடிக்கப்பட வேண்டும். கனத்தில் மீறும் பகுதி உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதையும் இப்போதே சொல்ல வேண்டும். நிலையின் வெளி அளவை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் எடுத்துக் கொடுங்கள், பழைய மரம் சற்று முறுக்கிக்கொண்டிருக்கும். நிலை வைக்கும் நாளும் அப்படித்தான். வழக்கமாக அஸ்திவாரம் முடிந்ததும் நல்ல நாள் பார்த்து நிலை நிறுத்துவோம், பேனல் வேலையில் சட்டம் நின்ற பிறகுதான் நிலை. ஜோசியரிடம் தேதி வாங்கும் முன் நிறுவனத்திடம் தேதி வாங்குங்கள்.

மற்றதும் இதே கதைதான். செங்கல் வீட்டில் "இங்கே ஒரு சுவிட்ச் வைங்க" என்று பூச்சுக்கு முந்தின நாள்கூடச் சொல்லலாம். பேனலில் ஃபேன், ஏசி, ஹீட்டர், கிரைண்டர் இடமெல்லாம் வரைபடத்தில் ஏறிவிட வேண்டும். பரண், சமையலறை அலமாரி, சாமி மாடம், தூளிக்கு வளையம், ஊஞ்சல் இவையெல்லாம் கனம் தாங்கும் இடங்கள், அங்கே பின்னால் இரும்புத் தாங்கல் வர வேண்டும். ஊஞ்சல் வளையம் பீமில்தான், வேறு எங்கும் கூடாது. பாத்ரூம் சுவரின் கீழ்ப்பகுதியை மட்டும் கான்கிரீட்டில் எழுப்பி, நீர் கசியாமல் பூச்சுக் கொடுத்துவிட்டு மேலே பேனல் வைக்கச் சொல்லுங்கள். இணைப்புகளில் ஈரம் இறங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

அறை நீளங்களை இரண்டடியின் மடங்காக வைத்தால் வெட்டுக் கழிவு குறையும், ஏனென்றால் பேனல் இரண்டடி அகலம். உயரத்தைக் கவனியுங்கள். வழக்கமான பேனல் எட்டடி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்குக் கேட்கும் உயரம் 2.75 மீட்டர், அதாவது ஒன்பதடி. எட்டடியோடு நிறுத்தி "ஸ்டாண்டர்ட் சைஸ்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கோடையில் நம் ஊர் வீட்டில் அந்த ஓரடி உயரத்தின் அருமை தெரியும்.

45 நாளும் கார்த்திகையும்

அந்த 45 நாள் எப்போது தொடங்குகிறது? அஸ்திவாரம் தயாராகி, பேனல் மனையில் இறங்கிய நாளிலிருந்து. அதற்கு முன் வரைபடமும் அனுமதியும் ஒரு மாதம், அஸ்திவாரமும் அது இறுகுவதும் ஐந்தாறு வாரம். பேனல் நின்ற பிறகும் டைல்ஸ், வயரிங், பெயின்ட் என்று ஆறு வாரம் ஓடும். நான் உங்களுக்கு ஐந்து மாதம் என்று கணக்கு வைக்கிறேன். ஆவணியில் தொடங்கினால் ஐப்பசி மழை அஸ்திவாரக் குழியில் நிற்கும். அந்தக் களிமண்ணில் நீர் நின்ற குழியில் கான்கிரீட் போடுவதைப் போல வீண் வேறில்லை. இந்த மழைக்காலத்தை வரைபடம், மண் பரிசோதனை, அனுமதி, லோன் இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தையில் வேலை தொடங்கினால் வைகாசியில் பால் காய்ச்சலாம். பெற்றோர் இந்த ஒரு மழையை வாடகை வீட்டில் கழிக்க வேண்டியிருக்கும். அடுத்த மழைக்குச் சொந்த வீட்டில் இருப்பார்கள்.

அனுமதி, லோன், பணம் கொடுக்கும் முறை

கழற்றி மாட்டும் வீட்டுக்கு அனுமதி வேண்டாம் என்பது தவறு. ஆட்கள் குடியிருக்கும் கட்டடம் எந்தப் பொருளில் இருந்தாலும் அனுமதி வேண்டும். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு, 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். உங்கள் 2,400 சதுர அடி மனை அதற்குள் வருகிறது. சுயசான்று என்பதால் விதி மீறினால் பொறுப்பும் உங்களுடையதே, பக்க இடைவெளிகளைச் சரியாக விடுங்கள்.

மனை அப்பா பெயரில் இருக்கிறது, பணம் நீங்கள் போடுகிறீர்கள். பேங்க் இதைத்தான் முதலில் கேட்கும். அப்பாவை இணைக் கடன்தாரராகச் சேர்ப்பதா, உங்கள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதுவதா என்பதைத் தம்பியையும் உட்காரவைத்து, ஒரு வழக்கறிஞர் முன்னிலையில் பேசி முடியுங்கள். அப்பாவுக்குப் பின் உயில் இல்லையென்றால் அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் அதில் பங்கு வரும், நீங்கள் கட்டிய வீட்டுக்கும் சேர்த்துத்தான். இன்றைக்கு எல்லாரும் ஒற்றுமையாக இருக்கும்போது பேசுவது சுலபம்.

லோன் கிடைக்கும், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பேங்க் மனையில் முடிந்த வேலையைப் பார்த்துத் தவணை தவணையாகப் பணம் விடும். நிறுவனமோ ஆலையில் வேலை தொடங்கும் முன்பே 60 சதவீதம், அதாவது 6,75,000 ரூபாய் கேட்கிறது. மனையில் ஒன்றுமே இல்லாத அந்தக் கட்டத்தில் பேங்க் பணம் தராது. எனவே மேனேஜரிடம் முதலிலேயே கொட்டேஷனைக் காட்டி, இந்த முறைக்கு எப்படிப் பணம் விடுவீர்கள் என்று கேளுங்கள். பதிலை வைத்துக்கொண்டு நிறுவனத்திடம் பேசுங்கள். நான் சொல்லும் முறை: வரைபடத்துக்கு 10, ஆலையில் வேலை தொடங்க 25, பேனலும் சட்டமும் மனையில் இறங்கி எண்ணிப் பார்த்த பின் 35, நிறுத்தி முடித்த பின் 20, ஒப்படைக்கும்போது 5. கடைசி 5 சதவீதம், 56,250 ரூபாய், ஒரு வடகிழக்குப் பருவமழையை வீடு பார்த்த பிறகு. மழைக்குப் பிறகும் இணைப்பில் ஈரம் இல்லை என்றால் அந்தப் பணத்தைத் தர உங்களுக்கும் மனம் வரும். தங்கள் வேலையில் நம்பிக்கை உள்ள நிறுவனம் இதற்கு ஒப்புக்கொள்ளும்.

ரெரா உங்களுக்குப் பயன்படாது. மனையோ ஃபிளாட்டோ விற்கும் புரமோட்டரிடம் வாங்கியவர்களுக்கான சட்டம் அது. சொந்த மனையில் ஒப்பந்தம் போட்டுக் கட்டும்போது குறை வந்தால் நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித்தருவதும் சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் அங்கே நிற்க உங்களுக்கு ஆதாரம் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த "எல்லாம் பாத்துக்கலாம் மேடம்" ஒப்பந்தம் ஆகாது. வரைபடம், பொருள் விவரம், கெடு, தாமதமானால் வாரத்துக்கு எவ்வளவு கழிவு, இணைப்பு பிளந்தால் எத்தனை வருடம் வந்து சரிசெய்வார்கள் என்பதெல்லாம் முத்திரைத்தாளில் ஏற வேண்டும். பணத்தை பேங்க் வழியாக மட்டும் கொடுங்கள்.

கையெழுத்துக்கு முன் அவர்கள் கட்டி மூன்று வருடமாவது ஆன வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் கடலோர மாவட்டத்தில். விற்பனையாளர் இல்லாமல் வீட்டுக்கார அம்மாவிடம் பேசுங்கள். ஜன்னல் மூலைகளையும் பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரையும் பாருங்கள், சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு டேப்பை எடுத்துப் போங்கள். மெயின் ரோட்டிலிருந்து மனைக்கு வரும் சந்தின் அகலம், குறுக்கே போகும் மின்கம்பியின் உயரம், தேக்கு நிலையின் கனம் மூன்றையும் குறித்து எனக்கு அனுப்புங்கள். சந்து பத்தடிக்கும் குறைவு என்றால் லாரி உள்ளே வராது. சின்ன வண்டியில் மாற்றி ஏற்றிவர வேண்டும், பேனலை நாலு பேர் தூக்கிவிடுவார்கள், இரும்புத் தூணுக்குத்தான் வழி யோசிக்க வேண்டும். தம்பியின் முடிவையும் அதோடு எழுதுங்கள். மாடி உண்டா இல்லையா என்று தெரிந்தால் எந்தக் கூரைக்கு விலை கேட்பது என்று நாம் மேற்கொண்டு பேசலாம்.